எம்.சி. இல்லாத காய்ச்சலுக்குச் சம்பளம் இல்லை

காங்கயத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிப்ளமோ முடித்துக் கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தவர். இப்போது சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. "ஏனுங்கண்ணா, அங்க ஒடம்பு சரியில்லைன்னா எத்தனை நாள் லீவு குடுப்பாங்க? சம்பளத்துல புடிப்பாங்களா? அம்மா சுக்கு, திப்பிலி எல்லாம் கட்டி வெச்சிருக்குது, கொண்டு போலாமா?"

நான் 2011இல் போனவன். ஊர் கோபி பக்கம். இப்போது லீவில் வந்திருக்கிறேன், இதையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

சரி தம்பி, முதலில் கணக்கு. வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள். இரண்டையும் கூட்டி 74 என்று நினைத்துவிடாதீர்கள், அந்த 14 இந்த 60க்குள் அடக்கம். சட்டம் சொல்கிற குறைந்தபட்சம் இது. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் இதில் கிடையாது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, பாவம். கூடுதலாகக் கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு. நான் மாறி மாறி வேலை பார்த்த மூன்று இடத்திலும் அதே 14தான்.

போன உடனே இது கிடைக்காது. முதல் மூன்று மாதம் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் முடிந்தால் 5 நாள், நான்கு முடிந்தால் 8, ஐந்து முடிந்தால் 11, ஆறு மாதம் ஆனபிறகுதான் முழு 14. அதனால் முதல் மூன்று மாதச் சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடாமல் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூரில் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்திருப்பார்கள். அதில் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், பணமும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். சிங்கப்பூரில் இந்த விடுப்புச் சம்பளத்தை முதலாளி தன் பையிலிருந்து கொடுக்கிறார். அதனால் அவருடைய கண் ஒரு காகிதத்தின் மேலேயே இருக்கும். அந்தக் காகிதத்துக்குப் பெயர் எம்.சி., டாக்டர் கொடுக்கிற மருத்துவச் சான்று. அங்கே யாரும் "சிக் லீவு போட்டேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை, "எம்.சி. எடுத்தேன்" என்றுதான் சொல்வார்கள்.

நான் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். போய் நான்கு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, உடம்பெல்லாம் கொப்புளம். அம்மை. நமக்குத்தான் தெரியுமே, மாரியாத்தா வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. நம்மூர்ச் சாமான் கிடைக்கிற தேக்கா சந்தையிலிருந்து வேப்பிலை வாங்கிவரச் சொல்லி, தங்குமிடத்திலேயே படுத்துக்கொண்டேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆபீசுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. புதன்கிழமை காலையில் பக்கத்துக் கட்டில் மன்னார்குடிக்காரர்தான் திட்டித்திட்டிப் பாலிகிளினிக் என்கிற அரசு மருத்துவ நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் ஏழு நாள் எம்.சி. கொடுத்தார். நடுவில் வந்த ஞாயிறு வார விடுமுறை என்பதால் அது கணக்கில் சேரவில்லை, என்னுடைய 8 நாளில் 6 மட்டும் கழிந்தது. ஆனால் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் சம்பளம் போயே போய்விட்டது. கெஞ்சிப் பார்த்தேன், முந்தின நாட்களுக்குத் தேதி போட டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நாளும் அப்படியே படுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். தகவல் சொல்லாமல் இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாக எடுத்துக்கொள்ள அங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆகவே 48 மணி நேரத்துக்குள் சூப்பர்வைசருக்குத் தகவல் போய்விட வேண்டும். காலையிலேயே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, அப்புறம் டாக்டரிடம் போங்கள். கம்பெனிக்கென்று டாக்டர் இருந்தால் அவரிடமே போவது நல்லது. மூன்று மாதம் முடிந்தவர்களுக்கு அங்கே ஆகும் பார்வைக் கட்டணத்தைக் கம்பெனி கொடுக்க வேண்டும்.

ஊருக்கு வந்த இடத்தில் படுத்துவிட்டால் இந்த 14 உதவாது. ஒரு தடவை பண்ணாரி அம்மன் கோயில் தீமிதிக்கு வந்து, திரும்புகிற நாளில் நல்ல காய்ச்சல். கோபி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் பதிவு செய்த டாக்டர் கொடுத்தால்தான் செல்லும். நான்கு நாளும் ஆண்டு விடுப்பில் கழிந்தது. அந்த விடுப்போ முதல் வருடத்தில் 7 நாள்தான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் பிடிப்பார்களா என்றால், மாதச் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். ஷிப்ட் படி சேராது, அன்றைய ஓ.டி.யும் போய்விடும். நான் இருந்த ஒரு கம்பெனியில் மாதம் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வருகைப் படி உண்டு, ஒரு எம்.சி. எடுத்தாலும் அது கிடையாது. அதற்குப் பயந்து காய்ச்சலோடு மெஷின் முன்னால் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம், கை போனால் 50 வெள்ளியில் முடியாது.

வேலையில் அடிபட்டால் அது தனிக் கணக்கு. விபத்து நடந்த அன்றைக்கே சொல்லிப் பதிவு பண்ண வையுங்கள். வீட்டில் இருந்தே தேறுகிற காயம் என்றால் 14 நாள் வரை, ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குப் பிறகு விபத்து நடந்ததிலிருந்து ஒரு வருடம் வரைக்கும் மூன்றில் இரண்டு பங்கு. "ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள்.

சுக்கு, திப்பிலி தாராளமாகக் கொண்டு போங்கள். முதலில் எம்.சி.யை வாங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் ரூமில் சுக்கைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.