நாட்டுமருந்துக் கடைக்காரர் பதில்கள்

கேள்வி: வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் பட்டாலைக் கூடம் முழுக்கக் கரிப்புகை. மாமியார் காலத்தில் இப்படி இல்லையாம். சாம்பிராணியும் குங்கிலியமும் ஒரே மரத்துப் பாலா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் மாமியார் சொல்வது சரிதான் ஆச்சி. நீங்கள் வாங்கியதில் குங்கிலியமோ பைன் மரப் பிசினோ கலந்திருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரைக் கறுப்பாக்குவது அந்தப் புகைதான்.

இரண்டும் வேறு மரம். குங்கிலியம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கிடைக்கும். வெள்ளைக் குங்கிலியம் ஒரு மரத்தில், கருங்குங்கிலியம் இன்னொன்றில். திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார், மனைவி நெல் வாங்கக் கொடுத்த தாலிக்கு வாங்கி வந்தது குங்கிலியம், சாம்பிராணி அல்ல.

சாம்பிராணி கடல் தாண்டி வருவது. சுமத்ரா மலையில் ஒரு மரம். லாவோஸ், வியட்நாம் பக்கம் அதன் பங்காளி மரம். சும்மா நிற்கிற மரத்தில் இந்தப் பால் கிடையாது. பட்டையில் வெட்டுப் போட்டால், காயத்தை மூட ஊறி வரும். சில மாதம் இறுகவிட்டுச் சுரண்டுவார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று பழைய துறைமுகம். கற்பூரத்துக்குப் பேர்போன ஊர்; சாம்பிராணியும் அந்த மலைப்பக்கத்துச் சரக்குதான். அங்கே ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தாரின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஆண்டு 1088. (அவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார்தான் என்று யாரும் கடிதம் போட வேண்டாம். கல்வெட்டில் அப்படி இல்லை.)

நானும் ஏமாந்தவன்தான். காரைக்குடியில் கடை வைத்த புதிதில் ஒரு மொத்த வியாபாரியிடம் மூட்டையாகத் தூள் வாங்கி, ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) வீட்டுக்குக் கொடுத்தேன். சபை முழுக்க இருமல். மறுநாள் அந்த வீட்டு ஆச்சி மீதிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, "இதை நீங்களே போட்டுக்குங்க தம்பி" என்று கல்லா மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். காசு கேட்கவில்லை, அதுதான் சுருக்கென்றது.

அன்றிலிருந்து கட்டியாகத்தான் வாங்குகிறேன். உடைத்துப் பாருங்கள்: பழுப்புக் கட்டிக்குள் பாதாம் பருப்பை ஒடித்துப் பதித்தமாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரிய வேண்டும். மோந்தால் வெனிலா வாசம் லேசாக வரும். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரே மஞ்சளாக மினுங்கினால் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், கொட்டாங்கச்சித் தணலில் சாம்பல் பூத்த பிறகு தூவுங்கள். கொழுந்துவிட்டு எரியும்போது போட்டால் நல்ல சாம்பிராணியும் கருகத்தான் செய்யும்.