லேன், மேன், வேன்: கம்பி யார் கையில் என்று பாருங்கள்

கேள்வி: கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் அடிப்படை வகைகள் எவை? பேன், லேன், மேன், வேன் என்று மனப்பாடம் செய்கிறேன், ஆனால் வித்தியாசம் மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. எளிமையாகச் சொல்ல முடியுமா?

மதுரையில் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுப்பதும், அது படுத்துவிட்டால் போய்ச் சரிசெய்வதும்தான் பதினேழு வருஷமாக என் பிழைப்பு. அதனால் புத்தக வரிசையை விட்டுவிட்டு, ஏணி மேல் நின்றபோது எனக்கு எப்படிப் பிடிபட்டதோ அப்படியே சொல்கிறேன்.

புத்தகம் தூரத்தை வைத்துப் பிரிக்கும். நம்மைச் சுற்றி ஏறக்குறைய பத்து மீட்டர் என்றால் பேன் (PAN, பர்சனல் ஏரியா நெட்வொர்க்), ஒரு கட்டடம் அல்லது வளாகம் என்றால் லேன் (LAN, லோக்கல் ஏரியா நெட்வொர்க்), ஒரு நகரம் என்றால் மேன் (MAN, மெட்ரோபாலிட்டன் ஏரியா நெட்வொர்க்), ஊர் தாண்டிப் போனால் வேன் (WAN, வைட் ஏரியா நெட்வொர்க்). பரீட்சையில் இப்படியே எழுதுங்கள், மார்க் கிடைக்கும். ஆனால் தூரத்தை மட்டும் சொன்னால், எதற்காகப் பிரிக்கிறோம் என்பதே விட்டுப்போகிறது. நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: இந்தக் கம்பி யாருடையது? அறுந்தால் யார் போய் ஒட்ட வேண்டும்?

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வந்திருந்தால் இது உடனே புரியும். ஆடி வீதிகள் மதில் சுவருக்கு உள்ளே இருக்கின்றன. அங்கே எங்கே கயிறு கட்டுவது, எந்த வாசலை எப்போது அடைப்பது என்பதெல்லாம் கோயில் நிர்வாகத்தின் சொல். கோபுர வாசலைத் தாண்டிச் சித்திரை வீதிக்கு வந்துவிட்டால் மாநகராட்சி, போலீஸ் என்று ஆள் மாறிவிடுகிறது. ஆடி வீதிக்கும் சித்திரை வீதிக்கும் நடுவில் ஒரு சுவர்தான், தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதிகாரம் அங்கே கைமாறுகிறது. நெட்வொர்க்கில் அந்தக் கோபுர வாசல்தான் ரூட்டர். அதற்கு உள்ளே இருப்பது உங்கள் லேன்.

இது தெரியாததால் ஒரு வியாபாரம் நின்றுபோனதை நேரில் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் காலையில் போன் போட்டார்.

"தம்பி, நெட்டு போயிருச்சு, பில்லு போட முடியல. லோடு ஏத்த வந்த வண்டியெல்லாம் தெருவ அடைச்சு நிக்குது. எங்கப்பா இருக்க? சட்டுனு வா."

"அண்ணாச்சி, பில் போடுற சாஃப்ட்வேர் இன்டர்நெட்ல ஓடுதா, கடை கம்ப்யூட்டர்லயே இருக்கா?"

"கல்லாவுல இருக்குற கம்ப்யூட்டர்லதான் இருக்கு. பின்னாடி குடோன்ல ஒண்ணு, பிரிண்டர் ஒண்ணு. எல்லாம் கடைக்குள்ளதான்."

"அப்ப நெட்டு போனாலும் பில்லு நிக்கக் கூடாதே."

போய்ப் பார்த்தால் விஷயம் தெரிந்தது. கல்லா, குடோன், பிரிண்டர் மூன்றின் வயரையும் இன்டர்நெட் இணைப்போடு வந்த ரூட்டர் பெட்டியிலேயே சொருகி வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியின் அடாப்டர் கருகியிருந்தது. வெளியிலிருந்து வருகிற ஃபைபர், அதாவது ஒளி போகும் கண்ணாடி இழை, அறுந்திருந்தால்கூடக் கடைக்குள் பில் ஓடியிருக்கும், ஏனென்றால் பெட்டிக்கு உயிர் இருக்கும். இங்கே பெட்டியே செத்துவிட்டதால் கல்லாவும் குடோனும் பேசிக்கொள்ள வழியில்லாமல் போய்விட்டது. பத்தடி தள்ளி இருக்கிற பிரிண்டருக்கும் கல்லாவுக்கும் நடுவில் அடுத்தவர் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

பையில் எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று வைத்திருந்தேன், எட்டு வயர் சொருகி ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டி அது. மூன்று வயரையும் அதில் மாற்றினேன். அட்ரஸ் பிரித்துக் கொடுக்கும் வேலையையும் அந்தப் பெட்டிதான் செய்துகொண்டிருந்தது என்பதால், ஒவ்வொன்றுக்கும் 192.168.1.10, 11, 12 என்று நிலையான ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) போட்டேன். கால் மணி நேரத்தில் பிரிண்டர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. சரக்கு அனுப்ப அரசு வெப்சைட்டில் எடுக்கும் இ-வே பில்லுக்கு மட்டும் இன்டர்நெட் வேண்டும், அதை அண்ணாச்சி மகனின் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் எடுத்தார்கள். புது அடாப்டர் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. அன்றைக்கு அண்ணாச்சிக்கு நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்: பில் போடுவது லேன் வேலை, இ-வே பில் எடுப்பது வேன் வேலை. இரண்டையும் "நெட்டு" என்று ஒரே பெயரில் கூப்பிட்டால், கெட்டுப்போனது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

லேனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், கம்பி முழுக்க நம் கையில் இருப்பது அதில்தான். இன்றைக்கு எல்லா இடத்திலும் ஓடுகிற ஈதர்நெட்டை 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் போக்ஸும் உருவாக்கினார்கள். அப்போது ஒரே நீளக் கேபிள், அதில் ஆங்காங்கே கம்ப்யூட்டர்கள் தொற்றிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர்களைக் கோக்கும் அமைப்பைத்தான் டோபாலஜி என்பார்கள், உங்கள் பாடத்தில் பஸ் டோபாலஜி என்று வருவது இந்த அமைப்புதான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அந்தக் காலத்து ஆள். கேபிளின் கடைசியில் மூடி மாதிரி இருக்கும் டெர்மினேட்டர் ஒன்று லூசானால் மொத்த ஆபீஸும் நின்றுவிடும், மேஜை மேஜையாகக் குனிந்து தேடவேண்டும் என்பார். இப்போது நாம் போடுவது ஸ்டார். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் தனி வயர் ஸ்விட்சுக்கு வரும், ஒன்று அறுந்தால் அந்த மேஜை மட்டும் நிற்கும். கம்ப்யூட்டர்களை வட்டமாகக் கோக்கும் ரிங்கை நான் எந்த ஆபீஸிலும் போட்டதில்லை.

அந்த வயரை ஒரு தடவை கையில் எடுத்து, உறையைச் சீவிப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. ஜாக்கில் சொருகும் வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. முறுக்குவது அழகுக்காக இல்லை. பக்கத்தில் ஓடும் கரண்ட் வயரின் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழுவதால், வயரின் மறுமுனையில் அதைக் கழித்துவிட முடிகிறது. அதனால் ஜாக் அடிக்கும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. புதுப் பையன்கள் வசதிக்காக இரண்டு அங்குலம் பிரித்துவிட்டு, ஸ்பீடு வரவில்லை என்று திண்டாடுவார்கள்.

இன்னொன்று. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடி போதும். ஒரு ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ், வேண்டுமென்றால் நாலு ஜோடியும் வேண்டும். குடோனில் எலி கடித்து நீலக் கம்பி மட்டும் அறுந்தால் பெரும்பாலும் நெட்வொர்க் நிற்காது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாக இறங்கிவிடும். ஓடுகிறதே என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்விட்சில் எரியும் விளக்கின் நிறத்தைப் பார்த்தே பல இடங்களில் இதைப் பிடித்திருக்கிறேன். ஒரு செம்பு வயரை இழுக்க எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்கவேண்டும், அல்லது ஃபைபர் போடவேண்டும்.

வைஃபையும் லேன்தான், கம்பி இல்லாத லேன். மாசி வீதிகளைச் சுற்றி இருக்கும் பழைய வீடுகளில் சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமனாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் முட்டி நின்றுவிடும், 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. அப்படிப்பட்ட வீட்டில் ரூட்டரை மாற்றிப் பணத்தைக் கொட்டாமல், ஒரு வயரை உள்ளறைக்கு இழுத்து அங்கே இன்னொரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) வையுங்கள்.

பேன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உங்கள் போனும் காதில் மாட்டும் ப்ளூடூத்தும் பேசிக்கொள்வது பேன். உடம்போடு ஒட்டிய நெட்வொர்க், உங்களைத் தவிர யாருக்கும் அதில் வேலை இல்லை.

மேன் என்ற பெயரைத் தொழிலில் யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் விஷயம் தினமும் வரும். அந்த அண்ணாச்சியே வைகைக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் ஒரு கிளை திறந்து, அங்கே போடுகிற பில்லும் கீழமாசி வீதிக் கணக்கில் ஏறவேண்டும் என்கிறார் என்று வையுங்கள். நான் ஏணியை எடுத்துக்கொண்டு வயர் இழுக்க முடியாது. ரோடு மாநகராட்சியுடையது, போஸ்ட் மின்வாரியத்துடையது. ஊருக்குள் ஏற்கெனவே ஃபைபர் போட்டிருக்கிற ஒருவரிடம் வாடகைக்குத்தான் வாங்கவேண்டும். வாங்கினால் இரண்டு கடையும் ஒரே ஸ்விட்சில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். வேகம் லேன் மாதிரியே இருக்கும், ஆனால் ஜேசிபி பள்ளம் தோண்டும்போது அறுந்தால் அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மேன் என்பதை நான் இப்படித்தான் அடையாளம் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபரும் இந்த ஊர் நெட்வொர்க்கின் கடைசிக் கிளைதான். தெருவில் ஒரு இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரிப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வேகம் குறைவதற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளி உள்ளே வரவில்லை என்று அர்த்தம், ரூட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அறுந்த இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து மட்டும் பார்த்துவிடாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது.

வேன் என்பது பல ஊர் லேன்களை, பலபேர் கம்பி வழியாகக் கோப்பது. ஒரு பேங்கின் உசிலம்பட்டிக் கிளையில் பணம் போட்டால் மேலூர் கிளையில் உடனே தெரிகிறதே, அது அந்த பேங்கின் வேன். மாவட்டத் தலைநகரங்களையும் தாலுகா அலுவலகங்களையும் சென்னையோடு இணைக்கத் தமிழ்நாடு அரசு வைத்திருக்கும் டிஎன் ஸ்வான் இன்னொன்று. எல்லாவற்றிலும் பெரிய வேன் இன்டர்நெட். இந்தியாவில் பொதுமக்களுக்கு அது 1995 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவிடப்பட்டது.

தூரத்தை வைத்துப் பிரிப்பது ஏன் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2001 வாக்கில் மேலூர் தாலுகா கிராமங்களில், சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையில் கம்ப்யூட்டர் மையங்கள் வைத்தார்கள். அங்கிருந்து கண் நோயாளிகளின் படம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனது. பிறகு தேனியில் அதே அரவிந்தும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் சேர்ந்து, கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு சாதாரண வைஃபை கருவிகளாலேயே இணைத்தார்கள். உயரத்தில் ஆன்டெனா வைத்து, ஒன்றை ஒன்று நேராகப் பார்க்கும்படி திருப்பி, பல கிலோமீட்டர் தாண்டவைத்தார்கள். வைஃபை தகவல் அனுப்பியதும் "கிடைத்தது" என்ற பதிலுக்கு மிகக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், தூரம் கூடினால் பதில் வருவதற்குள் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். அந்த இடத்தில் மென்பொருளை மாற்றி எழுதியதுதான் அவர்கள் செய்த பெரிய வேலை. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி தேனியில் இருக்கிற டாக்டரோடு திரையில் பேசினார். தூரத்தைப் பார்த்தால் அது வேன், கருவியைப் பார்த்தால் லேன், போன பாதையில் வாடகைக் கம்பியே கிடையாது. இந்தத் தொழிலில் நான் ரொம்ப மதிக்கிற வேலை அது.

கடைசியாக, இவற்றையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டிரேஸ்ரூட் கட்டளையை (விண்டோஸில் tracert என்று அடிக்கவேண்டும்) ஏதாவது ஒரு வெப்சைட் பெயரோடு போடுங்கள். வரிசையாக வரிகள் வரும். முதல் வரி 192.168 என்று தொடங்கினால் அது உங்கள் வீட்டு ரூட்டர், நேரம் 1 மில்லிசெகண்டோ அதற்கும் குறைவாகவோ காட்டும். அந்த ஒரு வரிதான் உங்கள் லேன். அடுத்த ஒன்றிரண்டு வரி ஊருக்குள் இருக்கிற நிறுவனத்தின் கருவிகள். பிறகு நேரம் திடீரென்று கூடும் இடத்தில் ஊரைத் தாண்டிவிட்டீர்கள். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும், மதுரையிலிருந்து சென்னை ரோடு வழியாக 460 கிலோமீட்டர் சொச்சம், ஆகவே போய்வர ஏறக்குறைய 5 மில்லிசெகண்டாவது ஆகும். நடுவில் இருக்கும் ரூட்டர்களும் சுற்றுவழியும் சேர்ந்தால் இன்னும் கூடும். எந்த வரி வரைக்கும் உங்கள் கை எட்டும், எந்த வரியிலிருந்து போன் போட்டுப் புகார் சொல்லவேண்டும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.