கால்சியமும் தமனியின் இறுக்கமும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

இரத்த அழுத்தம் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையில், தமனிகள் நரம்புகளின் ஆணைப்படி சுருங்கி விரிகின்றன என்று ஒரு வரி வருகிறது. என் அம்மாவுக்கு 71 வயது. ஒன்றரை ஆண்டாக ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறார். அது கால்சியம் கால்வாயை அடைக்கும் மருந்து என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, கால்சியம்தான் அழுத்தத்தை ஏற்றுகிறது என்று முடிவுகட்டி, காலைக் கேழ்வரகுக் கஞ்சியையும் இரவுப் பாலையும் நிறுத்திவிட்டார். இப்போது கணுக்கால் வீங்குகிறது. அது கால்சியம் குறைந்ததால்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, அவருக்கு இரண்டு பக்கமும் பயம். ஆணையிடுவது நரம்பு என்றால் கால்சியத்துக்கு அங்கே என்ன வேலை? கால்சியம் தமனியைச் சுருக்கும் என்றால் அதை உண்பது தவறுதானே?

அன்புடன்,
ஒரு வாசகி
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவுக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு காரணத்துக்காக மருத்துவர் தடுத்திருந்தாலொழிய, அவர் கஞ்சியையும் பாலையும் மீண்டும் தொடங்கலாம். மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டுக்கும் பகையில்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்கு, நீங்கள் சுட்டிக்காட்டிய என் வரியைத் திருத்துவதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அது பாதி உண்மைதான். நரம்புகள் தமனிக்குச் செய்தி அனுப்புவது மெய். ஆனால் அச்செய்தி வருவதற்கு முன்பே தமனி தனக்கென ஓர் இறுக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. கட்டுரையில் அதை விட்டுவிட்டது என் பிழை.

1902-இல் வில்லியம் பெய்லிஸ் என்ற ஆங்கிலேய உடலியங்கியலாளர், உள்ளே அழுத்தம் உயரும்போது தமனியின் சுவர் எதிர்த்துச் சுருங்குகிறது என்பதையும், நரம்புத் தொடர்பை அறுத்த பிறகும் அது அவ்வாறே நடந்துகொள்கிறது என்பதையும் வெளியிட்டார். ரப்பர் குழாயில் நீரின் அழுத்தத்தைக் கூட்டினால் குழாய் உப்பும். உயிருள்ள சிறு தமனியோ உள்ளிருந்து தள்ளத் தள்ள இறுகும். விலங்கின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த, தலைமுடியைவிடச் சற்றே பருத்த ஒரு தமனித் துண்டை இரு கண்ணாடிக் குழல்களின் நுனியில் கட்டி, உள்ளே உப்புக் கரைசலின் அழுத்தத்தை மெல்ல ஏற்றினால், நரம்பின் துணையும் ஹார்மோனின் துணையும் இல்லாமல் அது தானாக இறுகுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். இந்த இறுக்கம் சிறிதளவு மாறினாலும் விளைவு பெரிது. ஏனெனில் குழாயில் ஓடும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 10 விழுக்காடு குறைந்தால், மற்றவை மாறாதிருக்கையில், ஓட்டம் ஏறத்தாழ 34 விழுக்காடு குறைந்துவிடும். படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் உடலின் அழுத்தம் மாறிக்கொண்டே இருந்தும், மூளைக்குச் செல்லும் இரத்தம் பெரிதாக மாறாமல் இருப்பதற்கு இந்தச் சுய இறுக்கம் ஒரு முக்கியமான காரணம்.

இனி, கால்சியம் போன்ற மின்னேற்றம் கொண்ட அணுக்களான அயனிகளுக்கு வருகிறேன். தமனிச் சுவரின் நடுப்படலத்தில் மென்தசைச் செல்கள் குழாயைச் சுற்றி வளையம் வளையமாகப் படிந்திருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் இருபுறமும் ஒரு மின்னழுத்த வேறுபாடு உண்டு. தமனிக்குள் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்போது செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும்; உடலில் இயல்பாக உள்ள அழுத்தத்தில் அது 40 மில்லிவோல்ட் அளவுக்கு வந்துவிடும். அதாவது, சுவர் இழுபடும்போது நேர்மின் அயனிகள் சில உள்ளே நுழைந்து அந்த வேறுபாட்டைக் குறைக்கின்றன. இழுபடுவதை முதலில் உணரும் புரதம் எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அடுத்து நடப்பது தெளிவானது. வேறுபாடு குறைந்ததும், கால்சியத்தை உள்ளே விடும் புரத வழிகளாகச் சவ்வில் பதிந்துள்ள கால்சியம் கால்வாய்கள் திறக்கும் வாய்ப்பு செங்குத்தாக ஏறுகிறது. சில மில்லிவோல்ட் மாறினாலே தமனியின் விட்டம் அளக்கத்தக்க அளவுக்கு மாறிவிடும். கால்வாய் என்ற சொல் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன்; ஆயினும் இங்கே நடப்பதற்குப் பொருத்தமான சொல் மதகு என்பதே. நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்காலைப் போன்றதன்று இது. சமயம் பார்த்துத் திறந்து மூடுவது.

அம்மாவின் பயத்துக்கு விடை இந்த மதகில்தான் இருக்கிறது. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் அயனியின் செறிவு, உள்ளே தனித்துலவும் கால்சியத்தின் செறிவைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. மதகு திறந்தால் போதும், கால்சியம் பாய்ந்து வரும். வந்தது கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, மயோசின் என்ற தசைப் புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் ஒரு நொதியைத் தூண்டுகிறது. மயோசின், ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதத்தின் இழையைப் பற்றி இழுக்க, செல் சுருங்குகிறது. வெளியில் ஏரி ததும்பிக்கொண்டிருக்கும்போது, அதில் இன்னும் ஒரு குடம் ஊற்றுவதா வேண்டாமா என்பது வயலுக்குப் போகும் நீரைத் தீர்மானிப்பதில்லை. அந்த ஏரியின் மட்டத்தையும் உடல் விட்டுக்கொடுப்பதில்லை: பாராதைராய்டு சுரப்பிகளும் வைட்டமின் டி-யும் எலும்பும் சிறுநீரகமும் சேர்ந்து இரத்தக் கால்சியத்தை டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் காக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மையே. அதை உண்ணாமல் விட்டால் தமனியின் மதகுகள் மூடிக்கொள்ளா, எலும்புதான் அந்தக் குறையைத் தாங்கும். இந்த மருந்தை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு மருத்துவமனையில் சிரை வழியே கால்சியம் செலுத்துவது உண்டு. அது ஏரியின் மட்டத்தையே ஒரேயடியாக உயர்த்தும் அவசரச் சிகிச்சை. ஒரு கிண்ணம் கஞ்சியால் அது ஆகாது. உணவில் கால்சியம் குறைந்த மக்களிடையே, கர்ப்பகால இரத்த அழுத்த நோயைத் தடுக்கக் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கால்சியம் சுருக்கும் என்ற கூற்றே முழுமையானதன்று. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதைப் பற்றியது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். மென்தசைச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் மெல்லிய பைகள் உள்ளன. அவற்றின் சில பகுதிகள் சவ்வை ஒட்டி, நானோமீட்டர் கணக்கில் அளக்கத்தக்க இடைவெளியில் கிடக்கின்றன. அங்கிருந்து அவ்வப்போது ஒரு சிறு கொத்துக் கால்சியம் வெளிப்பட்டு, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். ஒளிரும் சாயம் ஏற்றிய செல்லில் இது பொறி தெறிப்பதுபோல் தெரிவதால் கால்சியப் பொறி என்றே பெயர் பெற்றது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் நெல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல், இந்தப் பொறிகள் தமனியைத் தளர்த்துகின்றன என்று காட்டினார்கள். பொறி தெறிக்கும் அந்த நுண்ணிடத்தில் கால்சியத்தின் செறிவு மிக உயர்ந்து, எதிரே சவ்விலுள்ள, அயனிகளை ஏராளமாகக் கடத்தும் 'பெருங்கடத்து' வகைப் பொட்டாசியம் கால்வாய்களைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, உட்புற மின்னழுத்தம் மேலும் தாழ்கிறது, அதனால் கால்சியம் நுழையும் மதகுகள் மூடிக்கொள்கின்றன. செல் முழுவதும் பரவி உயரும் கால்சியம் இறுக்கத்தைத் தருகிறது. சவ்வின் ஓரத்தில் ஒரு கணம் பொறியும் கால்சியம் அந்த இறுக்கத்துக்கு அணை போடுகிறது. அயனி ஒன்றே, எங்கே, எவ்வளவு நேரம் என்பதில்தான் பொருள் மாறுகிறது. இந்தப் பொட்டாசியம் கால்வாயைக் கால்சியத்துக்கு உணர்வுள்ளதாக்கும் துணைப்புரதம் ஒன்றை நீக்கி உருவாக்கிய எலிகளுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது என்பது 2000-இல் வெளியானது. அணை எவ்வளவு தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொட்டாசியத்தின் வழிகள் இன்னும் பல உண்டு. செல்லின் ஆற்றல் குறையும்போது திறக்கும் ஒரு வகை, பிராணவாயு போதாத திசுவுக்கு இரத்தத்தைக் கூட்டுகிறது. முடி வளர்வதற்காக இன்று பலரும் தலையில் தடவும் மினாக்சிடில், அந்த வகையைத் திறக்கும் இரத்த அழுத்த மருந்தாகவே முதலில் புழக்கத்துக்கு வந்தது. தமனியின் உள்வரிசைச் செல்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடும் தசையைத் தளர்த்துகிறது. அதன் வழிகளில் ஒன்று இந்தப் பொட்டாசியம் கால்வாய்கள். நரம்பு முனைகள் வெளியிடும் நோரட்ரினலின் என்ற செய்திப் பொருளும் இதே மின்னழுத்தத்தையும் இதே கால்சியத்தையும் கொண்டுதான் தன் வேலையைச் செய்கிறது. ஆகவே நான் எழுதிய 'ஆணை' என்ற சொல் பொருந்தாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு பேரத்தில் நரம்பும் ஒரு குரல் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஆம்லோடிபின் அந்தப் பேரத்தில் எங்கே தலையிடுகிறது என்பது இப்போது விளங்கும். உணவிலோ இரத்தத்திலோ உள்ள கால்சியத்தை அது தொடுவதில்லை. மதகின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அது திறப்பதைக் குறைக்கிறது. இதயத் தசையிலும் ஏறக்குறைய இதே மதகு இருக்க, இதயம் ஏன் தளர்ந்துபோவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். இதயச் செல் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும், உட்புறம் 80 மில்லிவோல்ட்டுக்கும் மேல் தாழ்ந்திருக்கும் ஆழ்ந்த ஓய்வுக்குத் திரும்புகிறது. தமனியின் செல்லோ 40-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருக்கிறது. அப்படி நீண்டு நிற்கும் மின்னழுத்தத்தில் மதகு எடுக்கும் வடிவத்தையே இந்த மருந்து இறுகப் பற்றுகிறது. இம்மருந்து பெரும்பாலும் தமனியில் வேலை செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கணுக்கால் வீக்கமும் கால்சியக் குறைவால் வந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் இந்த மருந்தாலேயே வந்திருக்கும். நுண்தமனிகள் தளரும் அளவுக்கு அவற்றின் மறுமுனையிலுள்ள நுண்சிரைகள் தளர்வதில்லை. எனவே இடையிலுள்ள தந்துகிகளில் அழுத்தம் ஏறி, நீர் திசுவுக்குள் கசிகிறது. மாலையில் காலில் அதிகமாகத் தெரியும். உடலில் உப்பும் நீரும் தேங்குவதால் வரும் வீக்கமன்று இது என்பதால், நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. மருந்தின் அளவைக் குறைப்பதும், நுண்சிரையையும் தளர்த்தும் வேறு வகை மருந்தைச் சேர்ப்பதும் மருத்துவர்கள் வழக்கமாகக் கையாளும் முறைகள். ஆனால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கோளாறுகளாலும் கால் வீங்கும் என்பதால், இந்தப் பதிலைப் படித்துவிட்டு அமைதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் தையசைடு வகை நீர் மாத்திரை இருந்தால், அது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும். கஞ்சிக்கும் பாலுக்கும் அதனால் தடையில்லை, ஆனால் கால்சியம் மாத்திரை தொடங்குவதென்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.