ஓரியனை எந்தக் கதையோட படிப்பிக்கிறது?

கேள்வி: தரம் 7க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறன். உடுத்தொகுதிப் பேரெல்லாம் பிள்ளையள் பாடமாக்கி எழுதிடுவாங்க, இரவில வானத்தைக் காட்டினா ஒண்டும் தெரியாது. கதை, சித்திரம் எல்லாம் சேர்த்துச் செய்வம் எண்டு பார்க்கிறன், ஆனா வகுப்பில சைவம், முஸ்லிம், கிறிஸ்தவம் எண்டு எல்லாரும் இருக்கிறாங்க, ஆர்ட கதையைச் சொல்றது?
- ஒரு ஆசிரியை, திருகோணமலை

பதில்: எல்லார்ட கதையையும் சொல்லுங்க டீச்சர், ஆனா வானத்தில ஒரே ஒரு துண்டை மட்டும் எடுங்க. வேடன் எண்டு சொல்ற ஓரியன் உடுத்தொகுதியும் பக்கத்தில கார்த்திகை வெள்ளிக் கூட்டமும் போதும். மார்கழியில மழைமுகில் விடாது, பெப்ரவரி நடுவில இரவு 8 மணிக்கு உப்புவெளிக் கடற்கரையில நிண்டு அண்ணாந்து பார்த்தா வேடன் தலை வடக்க, கால் தெற்க எண்டு உச்சியில மல்லாந்து கிடப்பான். படத்தில நிக்கிற ஆளைத் தேடித்தான் பிள்ளையள் ஏமாறுறாங்க.

கதைக்கு முதல் கீற விடுங்க. கறுப்புக் கடதாசியில வெள்ளைச் சோக்கால புள்ளி வச்சு, விரும்பின மாதிரி கோடு இழுக்கட்டும், ஒருத்தருக்கு வள்ளம் வரும் இன்னொருத்தருக்குப் பட்டம் வரும், பிழை எண்டு மட்டும் சொல்லிடாதீங்க.

பிறகு கதை. தோளில இருக்கிற சிவப்பு வெள்ளிதான் எங்கட திருவாதிரை. கோணேசர் கோயிலுக்குத் திருவெம்பாவைக்கு விடிய எழும்பிப் போற பிள்ளைக்குப் பேர் தெரியும், வெள்ளியை ஒருத்தரும் காட்டியிருக்க மாட்டாங்க. கால் வெள்ளி ரைஜல், அரபில ‘ரிஜ்ல்’ எண்டா கால், அதை அரபு ஓதுற பிள்ளையே எழும்பிச் சொல்லட்டும். எங்கட ரோகிணிதான் அல்டெபரான், அரபில ‘பின்னால வாறது’ எண்டு அர்த்தம், கார்த்திகைக்குப் பின்னால வாறதால வந்த பேர், எங்கட நட்சத்திர வரிசையிலயும் கார்த்திகைக்கு அடுத்தது ரோகிணிதானே! வேதாகமத்தில யோபு புத்தகத்திலயும் அறுமீனும் (கார்த்திகை) மிருகசீரிஷமும் (ஓரியன்) பேரோட வருது. கிரேக்க வேடன் கதையைக் கடைசியா வச்சாலும் காணும்.

இனி விஞ்ஞானம், இதை மைதானத்தில செய்யுங்க. ஒரு கதிரையைப் பூமி எண்டும், 100 ஒளியாண்டு (ஒளியாண்டு எண்டா ஒளி ஒரு வருஷத்தில போற தூரம்) ஒரு மீட்டர் எண்டும் வையுங்க. மற்றத் தோள் வெள்ளி பெல்லாட்ரிக்ஸ் ஏறக்குறைய 250 ஒளியாண்டு, அதுக்கு ஒரு பிள்ளை கதிரையில இருந்து இரண்டரை மீட்டரில பந்தோட நிக்கட்டும், ரைஜலுக்கு எட்டு மீட்டரும் தாண்டி இன்னொரு பிள்ளை. கதிரையில இருந்து பார்த்தா ரெண்டு பந்தும் ஒரே ஆளின்ட தோளும் காலும் மாதிரித் தெரியும். பத்து அடி பக்கத்தால நடந்துபோய்ப் பார்க்கச் சொல்லுங்க, வேடன் உடைஞ்சு போயிருப்பான்.