சிங்கப்பூரிடமும் தோற்றோம், வங்கதேசத்திடமும் தோற்றோம்: தவறு காலித் ஜமீலுடையதா?

காரைக்குடியிலிருந்து வந்த கேள்வி இது: ‘2027 ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் தோற்று வெளியேறிவிட்டோம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருப்பதால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தலைகாட்ட முடியவில்லை. நண்பர்களில் பாதிப் பேர் கோச்சை மாற்று என்கிறார்கள், மீதிப் பேர் ஆடுகிறவர்களே சரியில்லை என்கிறார்கள். எது சரி?’

கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் சிங்கப்பூருக்கு எதிராக முன்னிலையைப் பறிகொடுத்ததற்கு, அப்போது இந்திய அணியின் கோச்சாக இருந்த காலித் ஜமீல் பதில் சொல்லியாக வேண்டும். கோல் வறட்சியை அவர் தலையில் கட்டக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் வாக்குவாதம் முடிய மாட்டேன் என்கிறது.

முதலில் கோல் கணக்கைப் பாருங்கள். இகோர் ஸ்டிமாச் கோச்சாக இருந்தபோது 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடினோம். ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டத்தில் மூன்று கோல், அதில் ஒன்று சுனில் சேத்ரியின் பெனால்டி. ஸ்டிமாச் போனார், மனோலோ மார்கெஸ் வந்தார். எட்டு ஆட்டத்தில் ஐந்து கோல். அதிலும் மூன்று மாலத்தீவுக்கு எதிராக ஒரே நாளில் அடித்தவை. மற்ற ஏழில் இரண்டுதான். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம் முதல் ஐந்து ஆட்டங்களில், மனோலோவின் இரண்டையும் அவருக்குப் பின் வந்த ஜமீலின் மூன்றையும் சேர்த்தால், இரண்டு கோல், இரண்டு புள்ளி. ஒருவர் குரோஷியர், ஒருவர் ஸ்பானியர், ஒருவர் இந்தியர். மூவரின் ஆட்ட முறையும் வேறு வேறு. மனோலோ பந்தைக் காலடியில் வைத்து ஆடச் சொல்பவர். ஜமீல் பின்வரிசையைக் கட்டிக்கொண்டு நேராக முன்னே அனுப்பச் சொல்பவர். கோல் மட்டும் யார் வந்தாலும் வரவில்லை என்றால் காரணத்தைக் கோச்சின் நாற்காலியில் தேடிப் பயனில்லை.

காரணம் கிளப்புகளில் இருக்கிறது. இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல்லில் அணி ஒன்று ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம். எந்தக் கிளப்பும் அந்த நாலில் ஒன்றை நடு ஸ்ட்ரைக்கர் இடத்துக்குத்தான் முதலில் செலவழிக்கும், ஏனென்றால் கோலுக்குத்தான் விலை. அதனால் இந்தியப் பையன்கள் களத்தின் ஓரமான விங்கிலோ, பின்வரிசையிலோ, நடுக்களத்திலோ வளர்கிறார்கள். 2024-25 சீசனில் அதிக கோல் அடித்தவர் மொராக்கோவின் அலாதின் அஜாரை. இந்தியர்களில் முதலிடம் யாருக்கு? நாற்பது வயது சுனில் சேத்ரிக்கு. 2024 ஜூனில் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் மறுபடி அழைத்ததைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் மனோலோ முன்னால் இருந்த பட்டியலைப் பார்த்தால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

உங்களுக்குப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டியூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூரு எஃப்சிக்காக மும்பை சிட்டிக்கு எதிராகக் கோல் அடித்தார். 2022-23 ஐஎஸ்எல்லில் வளரும் வீரர் விருது வாங்கினார். அந்த சீசனில் பெங்களூரு அவரை ராய் கிருஷ்ணாவுக்குப் பக்கத்தில், கோலுக்கு நேராக ஆடவிட்டது. ஓடவும் அடிக்கவும் தெரிந்த பையனுக்குத் தொடர்ந்து அந்த இடமும் நிமிடங்களும் கிடைத்தால் என்ன வரும் என்பதற்கு அது சான்று. நாட்டில் அப்படி ஆறேழு பேராவது ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தால்தான் தேசியக் கோச்சுக்குத் தேர்வு என்று ஒன்று இருக்கும்.

இனி ஜமீலின் பங்கு. தேசியக் கோச்சுக்கு நேரம் மிகக் குறைவு. தேசிய அணிகளுக்கென்று ஒதுக்கும் ஃபிஃபா சாளரம் திங்கள் தொடங்கி மறுவாரம் செவ்வாயில் முடியும். அதற்குள் இரண்டு ஆட்டம். பயணம், ஆட்டத்துக்கு மறுநாள் இளைப்பாறல் எல்லாம் கழித்தால் முழுப் பயிற்சிக்கு மிஞ்சுவது நான்கு நாள். சாளரத்துக்கு முன்பே ஆளை அனுப்பக் கிளப்புக்குக் கட்டாயம் இல்லை. 2025இல் உரிம ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல்லே தள்ளிப்போனது. ஆட்டப் பழக்கம் இல்லாத கால்களோடுதான் பலர் வந்தார்கள். இந்த நான்கு நாளில் புதிய தாக்குதல் முறை எதுவும் கற்பிக்க முடியாது. தடுப்பு அமைப்பு, கார்னர், ஃப்ரீகிக் மட்டும் முடியும். ஜமீல் அதைத்தான் செய்தார், அது சரியான முடிவு. மத்திய ஆசிய நாடுகளின் சிஏஎஃப்ஏ கோப்பையில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றபோது இரண்டு கோலையும் அடித்தவர்கள் பின்வரிசைக்காரர்களான அன்வர் அலியும் சந்தேஷ் ஜிங்கனும்.

அதே அளவுகோலில்தான் ஃபட்டோர்டாவில் அவர் தவறினார். 2025 அக்டோபர் 9இல் சிங்கப்பூரில் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கிய பிறகும் பத்துப் பேரோடு நின்று, 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலி கோலால் 1-1 எடுத்தோம். 14ஆம் தேதி ஃபட்டோர்டாவில் 14ஆவது நிமிடத்திலேயே நம் சாங்தே அடித்து முன்னிலை. 44இல் சிங்கப்பூரின் சோங் உய்-யோங் சமன் செய்தார், 58இல் அவரே இரண்டாவதையும் போட்டார். நடுவே இடைவேளை வந்தது. ஒரு நடுக்கள ஆட்டக்காரர் பின்னாலிருந்து ஓடி வந்து பெட்டிக்குள் இடம் பிடிக்கிறார் என்றால், அவரை யார் பின்தொடர்வது என்று சொல்லித் திருத்தக் கோச்சுக்குக் கிடைத்த 15 நிமிடம் அது. திருந்தவில்லை. அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தும் ஒரு கோல் போட முடியவில்லை. எதிரணிக் கோச் கேவின் லீயும் உள்ளூர்க்காரர், ஜமீலைவிட வயதில் மிக இளையவர். ‘வெளிநாட்டுக் கோச் வேண்டும்’ என்பவர்கள் இதை மறக்கக்கூடாது. நவம்பர் 18 டாக்காவில் 11ஆவது நிமிடத்தில் வங்கதேசத்தின் மோர்சலின் அடித்த ஒற்றைக் கோலுக்கு 79 நிமிடம் பதில் தேடித் தோற்றதும் இதே நோய்தான்.

மனோலோ விஷயத்தில் குற்றத்தை இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மேல் வைப்பேன். எஃப்சி கோவாவையும் நாட்டையும் ஒருவரிடமே கொடுத்தால் இரண்டில் ஒன்று பகுதி நேர வேலையாகிவிடும்.

அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது கோச்சின் தவறையும் ஆட்டக்காரர் தவறையும் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் நடு ஸ்ட்ரைக்கராக நிற்பவர் தன் கிளப்பில் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று பாருங்கள். அங்கே விங்கர் என்றால் தவறவிடும் வாய்ப்புகளுக்குக் கோச்சைத் திட்டாதீர்கள். முதல் 15 நிமிடத்தில் கோல்கிக் ஒவ்வொன்றையும் கவனியுங்கள். நீளமாக அடித்தால் விழுந்து தெறிக்கும் பந்தை எடுக்க நம் ஆள் மூன்று பேராவது அங்கே கூடியிருக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் அது திட்டத்தின் ஓட்டை, கோச் கணக்கு. கூடியிருந்தும் பந்து நழுவினால் ஆட்டக்காரர் கணக்கு. பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே 30 முதல் 35 மீட்டர் இருப்பது நல்லது. டிவியில் கேமரா விரிந்து காட்டும்போது, மைதானத்தின் மூன்றில் ஒரு பங்கு என்று கண்ணளவில் பிடித்துவிடலாம். கோல் அடித்த பிறகு பின்வரிசை மட்டும் இறங்கி முன்வரிசை மேலேயே நின்றால் அந்த இடைவெளி 45ஐத் தாண்டும், சோங் மாதிரி ஆட்கள் அங்கேதான் புகுவார்கள். கடைசியாக ஆள் மாற்றம். ஐந்து பேரை மூன்று தடவையில் மாற்றலாம், இடைவேளையில் மாற்றுவது அந்தக் கணக்கில் வராது. பின்தங்கிய அணி 70 நிமிடம் வரை ஆளைத் தொடாமல் இருந்தால் தாராளமாகக் கோச்சைக் கேளுங்கள்.

ஸ்ட்ரைக்கர் பஞ்சத்தின் வேர் நம் பக்கத்து மைதானங்களிலும் இருக்கிறது. செட்டிநாட்டுச் செம்மண் சரளைத் தரையில் புல் நிற்காது. நன்றாகக் காற்றடித்த பந்து அங்கே முழங்காலுக்கு மேல் எகிறும். பையன் பந்தைக் காலில் நிறுத்தக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தூக்கி அடிக்கப் பழகிவிடுகிறான். விதி அனுமதிக்கும் காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை. சரளைத் தரையில் ஒன்பதுக்குக் கிட்டே வைத்தால் பந்து அடங்கும். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் எண் பந்து, பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல் 5. பெரிய பந்தைச் சின்னப் பையனிடம் கொடுத்தால் நுனிக்காலால் குத்தத்தான் வரும்.

இன்னொன்று அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். பல செவன்ஸ் போட்டிகளில் ஆஃப்சைடு, அதாவது தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னே நின்று பந்து வாங்கக்கூடாது என்ற விதி, பார்ப்பதில்லை. முன்னே ஆடும் பையன் கோல் அருகிலேயே நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருக்கிறான், கோலும் போடுகிறான், பரிசும் வாங்குகிறான். பதினோரு பேர் ஆட்டத்துக்கு வந்ததும் தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபடாது. அந்தப் பழக்கம் பதினாலு வயதுக்குள் வர வேண்டும். போட்டி நடத்துபவர்கள் 15 வயதுக்கு உட்பட்ட பிரிவிலாவது, எதிரணிப் பாதியில் முழுவதும் வேண்டாம், கோலிலிருந்து 15 மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்குள் ஆஃப்சைடு வைத்தாலே போதும். ஒரு லைன்ஸ்மேன், ஒரு வாளி சுண்ணாம்பு, அவ்வளவுதான் செலவு.