வாசகர் கேள்வி - பதில்: விசென்சாவில் ஒரு மேடை

கேள்வி: நானும் கணவரும் வெனிஸில் சில நாள் தங்கப்போகிறோம். கல்லூரியில் நாடகம் போட்டவள் நான்; அந்த ஆசை இன்னும் விடவில்லை. ஒரு நாள் ஒதுக்கினால், பக்கத்தில் பார்க்க வேண்டிய பழைய நாடக அரங்கம் உண்டா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உண்டு. விசென்சாவுக்குப் போங்கள். வெனிஸுக்கும் வெரோனாவுக்கும் நடுவில் உள்ள சிறிய நகரம். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழைய நகரத்துக்குள் நுழைந்து, கோர்சோ பல்லாடியோ என்ற நீளமான தெருவில் மறுமுனை வரை நடந்தால் தியாத்ரோ ஒலிம்பிகோ வந்துவிடும். வாசலைப் பார்த்து, இதுதானா என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு கோட்டையாகவும் சிறையாகவும் இருந்த வளாகம் அது. வெளியே ஒரு முற்றம்தான் தெரியும், அரங்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது.

கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1580-ல் இதைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். ரோமானியர்களின் திறந்தவெளி அரங்கைக் கூரைக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய கனவு. இடம் போதாததால் அரைவட்டப் படிகளை அமுக்கி நீள்வட்டமாக்கினார். கூரையில் வானம் தீட்டியிருக்கிறது. மேடைச் சுவர் முழுக்கச் சிலைகள். அரங்கைக் கட்டச் சொன்ன ஒலிம்பிக் அகாதமி என்ற அறிஞர் சங்கத்தின் உறுப்பினர்கள்தான் ரோமானிய உடையில் அங்கே நிற்கிறார்கள்.

ஆனால் உங்களை அங்கே போகச் சொல்வது அந்தச் சுவருக்காக அல்ல, அதன் வாசல்களுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களுக்காக. மொத்தம் ஏழு தெருக்கள். பல்லாடியோவுக்குப் பின் பொறுப்பேற்ற ஸ்கமோட்சி, மரத்தாலும் சுதையாலும் செய்தவை. 1585 மார்ச் 3-ம் தேதி அரங்கம் திறந்தபோது நடந்த நாடகம் பழங்காலக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்'. கதை நடக்கும் தீப்ஸ் நகரத்தைக் காட்ட அன்றைக்குப் போட்ட செட்தான் இன்றும் நிற்கிறது! தரை மேலேறிக்கொண்டே போகும், வீடுகள் சிறுத்துக்கொண்டே போகும். சில மீட்டர் ஆழம்தான், பார்த்தால் ஊரின் எல்லை வரை தெரு ஓடுவது போல இருக்கும். நடிகர் அதற்குள் தூரமாக நடந்து போக முடியாது. போனால் மாடி ஜன்னல் அவர் தோளுக்கு வந்துவிடும். அதனால் நடிப்பெல்லாம் முன்னாலேயே.

நம் பழைய நாடகக் கம்பெனிப் படுதாக்களில் அரண்மனைத் தூண்கள் உள்ளே குறுகிக்கொண்டே போகுமே, நினைவிருக்கிறதா? ஐரோப்பிய மேடையின் அந்த வித்தை பார்சி கம்பெனிகள் வழியாக நம்மிடம் வந்தது. இங்கே அதையே துணியில் வரையாமல் கட்டியே வைத்திருக்கிறார்கள்.

நான் மேடை விளக்கு வேலை பார்த்தவன். அந்தத் தெருக்களைப் பார்த்ததும் என் கண் தேடியது வெளிச்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதைத்தான். ஸ்கமோட்சி வீடுகளுக்குப் பின்னால், பார்ப்பவர் கண்ணில் படாத இடங்களில் சிறு சிறு எண்ணெய் விளக்குகளை வைத்தார். சுடர் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெருவில் விழும். நாங்கள் ஸ்பாட்டையும் டிம்மரையும் வைத்துக்கொண்டு செய்ததை அவர் திரியையும் எண்ணெயையும் வைத்துக்கொண்டு சாதித்திருக்கிறார். அத்தனை மரத்துக்கு நடுவே அத்தனை நெருப்பு! வெனிஸின் லா ஃபெனிசே அரங்கம் 1836-லும் 1996-லும் எரிந்தது. இது தப்பித்து நிற்பது பெரிய பாக்கியம்.

ஒரே ஒரு வேண்டுகோள். குழுக்களாக வருபவர்கள் உள்ளே நுழைந்து நாலு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் படியில் உட்காருங்கள். அப்புறம் இடம் மாறி உட்காருங்கள். எங்கே உட்கார்ந்தாலும் ஒரு தெருவாவது நேராகக் கண்ணில் படும்படி அமைத்திருக்கிறார்கள். நடுவில் இருந்து பார்த்தால் தெரியாத தெரு ஓரத்தில் உட்கார்ந்தால் திறக்கும்.

கேள்வி: அங்கே இப்போதும் நாடகம் நடக்கிறதா? இத்தாலிய மொழி தெரியாமல் போய் உட்காரலாமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நடக்கிறது. குளிருக்கும் வெயிலுக்கும் உள்ளே வசதி செய்யாமல் பழைய கட்டடத்தைப் பாதுகாப்பதால், நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான். செப்டம்பர், அக்டோபரில் செவ்வியல் நாடகங்கள் வரும். சுமார் 400 பேரைத்தான் அனுமதிக்கிறார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள்.

மொழி தெரியாவிட்டாலும் போங்கள். கதையை முதலிலேயே தமிழில் படித்துக்கொள்ளுங்கள். தெருக்கூத்துக்கு வருபவர்களுக்குத் துரியோதனன் சாவது முன்னாலேயே தெரியும். ஆனாலும் விடிய விடியப் பார்க்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதுதானே நாடகம்? 'ஈடிபஸ் மன்னன்' முடிவில் ஈடிபஸ் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வான். 1585-ல் அந்த ஈடிபஸாக அங்கே நின்றவர் லூயிஜி க்ரோத்தோ. கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போன கவிஞர் அவர். அன்று படிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கேள்வி: பத்து வயது மகனை அழைத்துப் போகலாமா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: பகலில் சுற்றிப் பார்க்க அழைத்துப் போங்கள், இரவு நாடகத்துக்கு வேண்டாம். ஏழு தெருக்களையும் அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஒரே இடத்திலிருந்து முடியாது. எதிரிலேயே பல்லாடியோ கட்டிய கியெரிகாத்தி மாளிகை அருங்காட்சியகமாக இருக்கிறது. பையன் களைக்காவிட்டால் அதையும் பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், வழக்கமாக அன்று விடுமுறை.