மதமும் பெண்ணும்: முடிவெடுக்கும் இடத்தில் யார்?

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். மத அமைப்புகளில் பெண்களின் நிலை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எந்த மதமாக இருந்தாலும், அமைப்பாக மாறிய பிறகு பெண்ணை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியிருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். என் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களில் என்னைத் தாங்கியது அந்த நம்பிக்கைதான். அதனால் உங்கள் கட்டுரை என்னை வருத்தியது.

என் மதம் தொடக்கத்தில் பெண்களுக்கு உயர்ந்த இடம் கொடுத்தது. பிற்பாடு வந்த ஆண்கள் செய்த தவறுக்கு மதத்தைக் குறை சொல்லலாமா? எந்த வழிபாட்டு இடத்துக்குப் போனாலும் பெண்கள் கூட்டம்தான் அதிகம். கட்டுப்பாடுகளை விரும்பிக் கடைப்பிடிப்பவர்களும், அடுத்தவளைக் கடைப்பிடிக்கச் சொல்பவர்களும் பெண்களே. அவர்களுக்கே குறையில்லாதபோது வெளியில் இருப்பவர்களும் அரசாங்கமும் ஏன் தலையிட வேண்டும்?

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் சரியாக இருக்காது. என் மகளுக்கு 14 வயது. "இதை அண்ணன் மட்டும் ஏன் செய்யலாம், நான் ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்துவிடுங்கள் என்றுதான் நீங்கள் சொல்வீர்களா?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மதம் எது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. உங்கள் கடிதத்தை ஒரு வரிகூட மாற்றாமல் ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதலாம். இஸ்லாமியப் பெண்ணும் இந்துப் பெண்ணும் பௌத்தப் பெண்ணும் யூதப் பெண்ணும் எழுதலாம். எல்லோருடைய மதமும் தொடக்கத்தில் பெண்ணை உயர்த்தியது, எல்லா மதத்திலும் பின்னால் வந்தவர்கள் கெடுத்தார்கள் என்றால், அந்தப் பின்னாளில் என்ன நடந்தது என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

தொடக்கம் பற்றி நீங்கள் சொல்வதைப் பெருமளவு நானும் ஒப்புக்கொள்கிறேன். பிருகதாரண்யக உபநிடதத்தில் கார்கி என்ற பெண் சபை நடுவே எழுந்து யாக்ஞவல்கிய முனிவரிடம் கேள்வி கேட்கிறார். நபிகளின் மனைவி ஆயிஷா வழியாக வந்த நபிமொழிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஆண்கள் அவரிடம் வந்து மார்க்கச் சட்டம் கேட்டுத் தெளிந்தார்கள். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16-ம் அதிகாரத்தில் பவுல், பெபேயாள் என்ற பெண்ணைச் சபையின் ஊழியக்காரி என்று அறிமுகப்படுத்துகிறார். பௌத்தப் பிக்குணிகள் தாங்கள் அடைந்த விடுதலையைப் பற்றிப் பாடிய பாடல்கள் பாலி மொழியில் இன்றும் இருக்கின்றன. காரைக்கால் அம்மையார் அறுபத்து மூவரில் ஒருவர்.

இவர்களைக் கொண்டாடாத அமைப்பு கிடையாது. ஆனால் இவர்கள் இருந்த இடத்துக்கு இன்று ஒரு பெண் வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், அப்போது முகம் மாறும். நான் கட்டுரையில் பேசியது கடவுளைப் பற்றி இல்லை. கடவுளின் பெயரால் முடிவெடுக்கும் நாற்காலிகளைப் பற்றி. எது மூலம், எது திரிபு என்று தீர்ப்பு சொல்வதும் அந்த நாற்காலிகள்தான்.

மகதலேனா மரியாளுக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யோவான் நற்செய்தியின்படி, உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் பார்த்தவர் அவர்தான். போய் மற்றவர்களிடம் சொல் என்று அனுப்பப்பட்டவரும் அவர்தான். 591-ம் ஆண்டு வாக்கில் போப் முதலாம் கிரகோரி தன் பிரசங்கம் ஒன்றில், லூக்கா நற்செய்தியில் பெயரில்லாமல் வரும் பாவியான பெண்ணும் மகதலேனாவும் ஒருவரே என்றார். நற்செய்திகளில் அப்படி எங்கும் இல்லை. ஆனால் சொன்னவர் போப். மேற்கத்தியத் திருச்சபையில் அன்றிலிருந்து, உயிர்த்தெழுதலின் முதல் சாட்சி மனந்திரும்பிய விலைமகளாகிவிட்டார். கீழைத் திருச்சபைகள் இதை ஏற்கவில்லை. 1969-ல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் குழப்பத்தை விலக்கியது. அவருடைய நாளை அப்போஸ்தலர்களின் நாட்களுக்கு இணையான விழாவாக உயர்த்தியது 2016-ல், போப் பிரான்சிஸ் காலத்தில்.

இடையில் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவர் பெயர் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய சலவைக்கூடங்களுக்கு மகதலேனா பெயர்தான். திருமணமாகாமல் கருவுற்றவர்கள், அநாதைகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், கெட்டுப்போய்விடுவாள் என்று வீட்டாரோ பாதிரியாரோ பயந்த பெண்கள் என்று பலரும் அங்கே அடைக்கப்பட்டார்கள். கூலியே இல்லாமல் ஊரார் துணியைத் துவைத்தார்கள். 1922-க்குப் பிறகு மட்டும் சுமார் 10,000 பெண்கள் அங்கே இருந்திருக்கிறார்கள் என்று அரசாங்க விசாரணை சொல்கிறது. 1993-ல் டப்ளினில் ஒரு சபை தன் நிலத்தை விற்றபோது, அங்கே புதைக்கப்பட்டிருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். அவர்களில் பலருக்கு இறப்புச் சான்றிதழ்கூட இல்லை. கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996-ல். 2013-ல் அயர்லாந்துப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நடத்திய சபைகள் நஷ்டஈட்டு நிதிக்குப் பணம் தர மறுத்துவிட்டன.

அந்தச் சபைகள் கன்னியாஸ்திரிகளின் சபைகள். பெண்களே பெண்களைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று நீங்கள் சொன்னது உண்மை என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி கிடைக்காது. ஆனால் ஏன் அப்படி ஆகிறது? பிரசங்கம் செய்ய முடியாது, சட்டம் இயற்ற முடியாது, பிஷப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற நிலையில், ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேரும் அதிகாரம் தனக்குக் கீழே இருக்கும் இன்னொரு பெண்ணின் மேல்தான். வீட்டுக்குள் மாமியார் கைக்கு வரும் அதிகாரமும் இப்படிப்பட்டதே. கொடுமை செய்தவர்களின் பொறுப்பை நான் குறைக்கவில்லை. அந்த அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

கூட்டம் அதிகம் என்பதும் சரிதான். உலகக் கத்தோலிக்கத் திருச்சபையில் பாதிரியார்களைவிடக் கன்னியாஸ்திரிகளே எண்ணிக்கையில் அதிகம். அப்படியிருந்தும் போப்புக்கு ஆலோசனை சொல்லும் ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 2023-ல்.

விரும்பித்தானே செய்கிறார்கள் என்கிறீர்கள். பலர் உண்மையாகவே விரும்பிச் செய்கிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் விருப்பமா இல்லையா என்பது, மறுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் தெரியும். 2022 செப்டம்பரில் ஈரானில், தலைமுக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மாஷா அமினி காவலில் இருக்கும்போது இறந்தார். அவருக்கு வயது 22. மறுத்தால் உயிருக்கே ஆபத்து என்ற நாட்டில், முக்காடு போட்ட எல்லாரும் விரும்பித்தான் போட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? அதே நேரம், பிரான்ஸ் 2004-ல் அரசுப் பள்ளிகளில் முக்காட்டுக்குத் தடை போட்டதையும் நான் ஏற்கவில்லை. விரும்பி அணியும் ஒரு பெண்ணிடம், கழற்றினால்தான் படிப்பு என்று சொல்வதும் அவளுக்காக வேறு யாரோ முடிவெடுப்பதுதான்.

யூத மதச் சட்டத்தில் கணவன் விவாகரத்துப் பத்திரத்தைத் தன் கையால் கொடுத்தால்தான் மனைவி மறுமணம் செய்ய முடியும். தராமல் இழுத்தடித்தால் அவள் வருடக்கணக்கில் கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான். இஸ்ரேலில் 1995-ல் சட்டம் போட்டு, அப்படி மறுக்கும் கணவனைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தை மத நீதிமன்றங்களுக்குக் கொடுத்தார்கள். பத்திரத்தைக் கொடுக்கவேண்டியவன் இன்றும் கணவன்தான்.

அப்புறம், இது மாற்ற முடியாத கட்டளை என்ற பேச்சு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் மகள் கேள்வி கேட்கும்போது அவளுக்கு இந்தப் பதில்தான் வரும், அதனால் சொல்கிறேன். 1990-ல் சவுதி அரேபியாவின் தலைநகர் ரியாத்தில் சில பெண்கள் கார் ஓட்டிச் சென்றார்கள். மூத்த மார்க்க அறிஞர் பின் பாஸ், பெண்கள் கார் ஓட்டக்கூடாது என்று ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தார். 2017-ல் சவுதி அரசர் அந்தத் தடையை நீக்கினார். அறிஞர் குழுவின் பெரும்பான்மையினர் இதில் தடையேதும் காணவில்லை என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது. நடுவே வேதம் மாறவில்லை. 2022 டிசம்பரில் தாலிபான் பெண்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியபோது, இது ஷரீஅத்துக்கு முரணானது என்று சொன்னவர் கெய்ரோவில் உள்ள அல் அஸ்ஹர் என்ற இஸ்லாமியக் கல்வி நிறுவனத்தின் தலைமை இமாம். இரு தரப்பும் ஓதுவது ஒரே குர்ஆன்.

பௌத்தத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பெண் துறவியாக வேண்டுமானால் பிக்குகளும் பிக்குணிகளும் சேர்ந்து தீட்சை தர வேண்டும் என்பது விதி. இலங்கையில் 11-ம் நூற்றாண்டு வாக்கில் பிக்குணி சங்கம் அற்றுப்போயிற்று. பிக்குணிகள் இல்லை, ஆகவே புதிதாக ஒரு பிக்குணி வரவும் முடியாது என்று கதவை மூடிவிட்டார்கள். ஆனால் அதே இலங்கையில் பிக்குகளின் தீட்சை மரபும் அற்றுப்போனது உண்டு. அப்போது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து 1753-ல் மரபைப் புதுப்பித்தார்கள். ஆண்களுக்காகக் கடல் தாண்டி ஆள் தேடியவர்கள், பெண்களுக்காகத் தேடவில்லை. கடைசியில் 1996-ல் கொரியத் துறவிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் சிலர் சாரநாத்தில் தீட்சை பெற்றார்கள். கொரிய மரபு வேறு, இந்தத் தீட்சை செல்லாது என்று வாதிடுகிற பிக்குகள் இன்றும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிகன் சபையில் நடந்ததும் இதே ரகம். 1944-ல் ஹாங்காங்குக்கு அருகே மக்காவ் (Macau) நகரில் இருந்த சபைக்குப் போரினால் பாதிரியார்கள் போய்ச் சேர முடியவில்லை. ஹாங்காங் பிஷப், ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற பெண்ணைக் குருவாக்கினார். போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பி, 1946-ல் அவர் அந்த உரிமையைக் கைவிட வேண்டியதாயிற்று. தேவைப்பட்டபோது தகுதி இருந்தது, தேவை தீர்ந்ததும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்கள் குருவானது 1994-ல். 2025 அக்டோபரில் சாரா முல்லலி என்ற பெண், அந்தத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார்.

அரசாங்கம் ஏன் தலையிட வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. 1979-ல் நிறைவேற்றியது. பல இஸ்லாமிய நாடுகள், ஷரீஅத்துக்கு முரணாகாத வரை என்று நிபந்தனை போட்டுச் சேர்ந்தன. இஸ்ரேல், மத நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகளை நியமிப்பதிலிருந்து விலக்கு எடுத்துக்கொண்டது. இந்தியா, எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரத்திலும் அந்தச் சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிடுவதில்லை என்ற அறிவிப்போடு சேர்ந்தது. வத்திக்கான் சேரவே இல்லை. இவ்வளவு வேறுபட்ட அரசுகள் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

சமூகத்தின் சம்மதம் என்றால் யாருடைய சம்மதம்? விவாகரத்து செய்யப்பட்ட முஸ்லிம் பெண்ணான ஷா பானு ஜீவனாம்சம் கேட்டு 1985-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றபோது, சமூகம் என்று சொல்லி எதிர்த்து நின்ற அமைப்புகளின் தலைமையில் ஆண்கள்தான் இருந்தார்கள். மறுவருடமே நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பை வலுவிழக்கச் செய்யும் சட்டம் கொண்டுவந்தது. இந்துச் சட்டத் திருத்த மசோதா முடங்கியதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி அம்பேத்கர் 1951-ல் அமைச்சர் பதவியை விட்டார். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமையை நாடு முழுவதற்குமான சட்டம் தந்தது 2005-ல். கேரளச் சிரியன் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய், தந்தை சொத்தில் சம பங்கு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் தீர்ப்பு வாங்கினார். அவரும் அந்தச் சமூகம்தானே? அவருடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்?

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். பெண்ணுரிமையைப் பேசிக்கொண்டே ஒரு சிறுபான்மையை ஒடுக்கும் அரசுகள் உண்டு. தன் பெரும்பான்மை மதத்துப் பெண்களுக்கும் அதே அக்கறையைக் காட்டாத அரசு பெண்ணுரிமை பேசினால் நான் நம்புவதில்லை. சட்டம் நுழைய வேண்டிய இடம் சொத்து, திருமணம், விவாகரத்து, குழந்தை, உடலுக்கு நேரும் வன்முறை. ஒரு பெண் மதத்துக்குள் வருவதற்கு முன்பே குடிமகள். அந்த உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்ல எந்த அமைப்புக்கும் அதிகாரம் இல்லை.

விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், சகோதரி. மோசமான நாட்களில் உங்களைத் தாங்கியதை விடச் சொல்ல நான் யார்? விட்டு வந்தவர்களை மதிக்கிறேன். உள்ளே நின்று கேட்டவர்களையும் அதே அளவு மதிக்கிறேன். தாய்லாந்தில் பிக்குகள் பெண்களுக்குத் தீட்சை தரக்கூடாது என்று 1928-ல் ஓர் உத்தரவு போட்டார்கள். பேராசிரியராக இருந்த ஒரு பெண் இலங்கைக்குப் போய் 2003-ல் தம்மானந்தா என்ற பெயரோடு முழுத் தீட்சை பெற்றுத் தன் நாட்டுக்கே திரும்பினார். பெர்லினில் ரெஜினா ஜோனாஸ் என்ற மாணவி, பெண் ரபி (யூத மதகுரு) ஆகலாமா என்ற கேள்வியையே ஆய்வாக எடுத்து, யூதச் சட்டத்தில் அதற்குத் தடையில்லை என்று எழுதினார். 1935-ல் ரபி ஆனார். 1944-ல் ஆஷ்விட்ஸில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். அதன்பிறகு பல பத்தாண்டுகள் அவரைப் பற்றிப் பேசுவோரே அநேகமாக இல்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் அவருடைய காகிதங்கள் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வந்தன.

இவர்களைப் பற்றி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். உங்கள் மதத்திலேயே அவள் கேட்டதைக் கேட்ட பெண் ஒருத்தி கட்டாயம் இருந்திருப்பாள், சேர்ந்து தேடுங்கள். வழக்கம் அப்படி என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள், அது உங்களுக்கே போதாத பதில் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அவள் கேள்வியை அவள் கையாலேயே ஒரு கடிதமாக எழுதச் சொல்லி, உங்கள் வழிபாட்டு இடத்தில் முடிவெடுப்பவர்களிடம் கொடுங்கள். கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். யார் எப்போது இந்த விதியைப் போட்டார்கள், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்றும் அதில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள். ஒரு மாதம் வரை எதுவும் வராவிட்டாலும் எழுதுங்கள், அடுத்து யாரைக் கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.